ஐந்தாம் படிவ வாசலில் எலுமிச்சம்பழம்

"செவ்வாய். முதல் பாடவேளை. ஐந்தாம் படிவ வகுப்பு வாசலில் எலுமிச்சம்பழம் ஒன்று. இரண்டாக அறுத்து, குங்குமம் தடவியது." என் நாட்குறிப்பின் மார்ச் மாதப் பக்கத்தில் இப்படி இருக்கிறது. அன்று யார்மீது பொறாமைப்பட்டேன் என்று எழுதவில்லை. அதை நினைவில் வைக்கக் குறிப்பு தேவையில்லை.

மலேசியாவில் பகாவ் பக்கத்து இடைநிலைப்பள்ளியில் ஆங்கில இலக்கியம் கற்பிக்கிறேன். மாணவர்களில் பலர் தோட்டங்களிலிருந்து வேனில் வருபவர்கள். அமெரிக்கா ஆங்கிலேயரின் கையில் இருந்த காலத்துச் சூனியக்காரி வழக்குகளைப் பற்றிய நாடகத்தை ஆண்டுதோறும் நான்தான் அறிமுகம் செய்துவந்தேன். 1692-இல் நடந்த கைதுகள், விசாரணைகள், தூக்குத்தண்டனைகள் அனைத்தையும் நாள்வாரியாக எழுதிய நீண்ட அட்டவணை என்னிடம் உண்டு. இவ்வாண்டு அந்த வகுப்பை, செண்டாயானிலிருந்து மாற்றலாகி வந்த இளம் ஆசிரியைக்குக் கொடுத்துவிட்டார்கள். கேட்டுக் கேட்டு இரண்டாம் பாடவேளையை மட்டும் வாங்கினேன். ஒரு நாடகத்தை முதலில் திறந்து காட்டுபவர்தான் மாணவர் மனத்தில் நிற்பார். அது நானாக இருக்க வேண்டும் என்றிருந்தது.

அட்டவணையைச் சுருட்டிக்கொண்டு முன்கூட்டியே போனேன். மாணவர்கள் எல்லாரும் நடைபாதையில் நின்றார்கள். பழத்தைத் தாண்ட ஒருவருக்கும் துணிவில்லை. ஆசிரியை மட்டும் உள்ளே, வெண்பலகை அருகில்.

"யாரு வச்சிருப்பாங்க? சொல்லுங்க, எழுதிக்கிறேன்," என்றார் அவர்.

"டீச்சர், இவ அம்மா பசார்ல ஊறுகா விக்கிறாங்க. வீடு பூரா எலுமிச்சம்பழம்தான்," என்றான் வகுப்புத் தலைவன், பக்கத்தில் நின்ற பெண்ணைக் காட்டி.

"வாய மூடுடா!" என்றாள் அந்தப் பெண். "ஒங்க மாமாதான் எஸ்டேட்ல மந்திரிச்சுக் கயிறு கட்டுறாரு. எல்லாருக்கும் தெரியும்லா."

"அது காய்ச்சலுக்குலா!"

"எங்கம்மா ஒங்க வீட்ல தண்ணிகூட வாங்கிக் குடிக்காதன்னு சொல்லிருக்காங்க," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

கொஞ்ச நேரத்தில் பலகை பெயர்களால் நிறைந்தது. முதலில் கைநீட்டிய தலைவனின் பெயரும் அதில் இருந்தது. ஆசிரியை பேனாவை மூடினார்.

"நாடகத்த ஆரம்பிச்சாச்சு. நீங்கதான் நடிச்சீங்க. உள்ள வாங்க."

ஊறுகாய்க்காரரின் மகள்தான் முதலில் பழத்தைத் தாண்டினாள். எனக்கு வயிறு எரிந்தது. எத்தனையோ ஆண்டு சேர்த்த அட்டவணை செய்யாததை ஆசிரியை ஒரு பழத்தை வைத்துச் செய்துவிட்டாரே என்று.

அதற்குள் துணை முதல்வர் வந்துவிட்டார். "யாரு வேல இது? தோட்டத்துல பேரண்ட்ஸ் கேள்விப்பட்டா என்னையத்தான் மென்னு துப்புவாங்க. நீங்களா டீச்சர்?"

ஆசிரியை வாய் திறப்பதற்குள், "நான்தான் வச்சேன்," என்றேன்.

அவரைக் காப்பாற்றினேன் என்று நினைத்தவர்கள் உண்டு. பழத்தை வைத்தது அவர்தான் என்று அப்போது நான் நம்பினேன். அந்த யோசனை என்னுடையதாக வேண்டும். எனக்குத் தோன்றியது அவ்வளவுதான்.

"நீங்களா சார்? நீங்கன்னா பாடத்துக்காகத்தான் இருக்கும். முன்னாடியே சொல்லக்கூடாதா?" துணை முதல்வர் சிரித்துக்கொண்டே போனார்.

இரண்டாம் பாடவேளையில் அட்டவணையை மாட்டினேன். ஊறுகாய்க்காரரின் மகள் கை தூக்கினாள். "சார், செய்யாமலே செஞ்சேன்னு ஒத்துக்கிட்டவங்களையும் தூக்குல போட்டாங்களா?"

"இல்ல. ஒத்துக்கிட்டு அதுலயே நின்னவங்க தப்பிச்சாங்க. மறுத்தவங்களத்தான் தொங்கவிட்டாங்க."

"அப்ப பொய் சொன்னாதான் பொழைக்கலாம். நல்லாருக்குலா!"

இடைவேளையில் கேண்டீனில் ஆசிரியை எதிரே வந்து உட்கார்ந்தார். "ரொம்ப நன்றி சார். வச்சது நீங்கன்னு தெரியாது. நான் வரும்போதே வாசல்ல கெடந்துச்சு. பிள்ளைங்க உள்ள வரமாட்டேன்னு நின்னுட்டாங்க. என்ன செய்றதுன்னு தெரியாம அதையே பாடமாக்கிட்டேன். நீங்க வச்ச பழம்தான் சார் காப்பாத்துச்சு."

என் தே தாரிக் தேநீர் ஆறிப்போனது. அவர் திட்டமிட்டுச் செய்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

பிறகு வேன் ஓட்டுநரை விசாரித்தேன். "நான் வெள்ளிக்கெழமதான் சார் வேனுக்குப் பழம் வெட்டுவேன். செவ்வாக்கெழம கெடந்தா என்னுது இல்ல," என்றார். கூட்டிப் பெருக்கும் அம்மாவுக்கும் தெரியவில்லை. பள்ளியில் அது என் பழம் என்றே இருக்கிறது. உண்மையில் வைத்தவர் யார் என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை.