அப்பா இழுக்காத மூச்சு

சிரிப்பவர்கள் சிரிக்கலாம். நான் இயற்பியல் படித்தவள். காற்று எந்தப் பக்கம் போனால் எது நகரும் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் இன்றுவரை பயமாக இருக்கிறது. இதில் ஒரு வரியைக்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை.

அப்பாவுக்குக் குடலில் ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள். வயிற்றில் நீளமான தையல். வலிக்குப் பயந்து மேலோட்டமாகவே மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். இப்படியே படுத்திருந்தால் நுரையீரலின் அடிப்பகுதி காற்றில்லாமல் சுருங்கிவிடும் என்றார் டாக்டர். இடது பக்கம் ஏற்கெனவே சுருங்கத் தொடங்கியிருந்தது.

"காலைல எக்ஸ்ரே எடுப்போம். இதே நிலைமைன்னா வென்டிலேட்டர்தான்."

அப்பாவின் வயதில் வென்டிலேட்டருக்குப் போனவர்கள் திரும்புவது கஷ்டம் என்பதை அவர் சொல்லவில்லை. முகம் சொன்னது.

மருந்துக்கடையில் மூச்சுப் பயிற்சிக் கருவி ஒன்று வாங்கி வந்தேன். புத்தம் புதிது. உறையை நானே கிழித்தேன். அடுத்தடுத்து மூன்று பிளாஸ்டிக் கூடுகள், ஒவ்வொன்றிலும் ஒரு பந்து. குழாயை வாயில் வைத்து இழுத்தால், அடியிலுள்ள துளை வழியாக வெளிக்காற்று நுழைந்து பந்துகளைத் தூக்கும். பிசியோ அண்ணன் செய்து காட்டினார்.

"உறிஞ்சணும் பெரியவரே, ஊதக் கூடாது. ஜூஸ் குடிக்கிற மாதிரி."

"ஜூஸ் குடுத்தா குடிக்க மாட்டேனா? வெறும் காத்தக் குடிக்கச் சொல்றீங்க," என்றார் அப்பா.

இழுத்தார். ஒரு பந்து லேசாக ஆடியது. உடனே வயிற்றைப் பிடித்துக்கொண்டு குழாயைத் தள்ளிவிட்டார்.

"வேணாம்மா. தையல் பிச்சுக்கும்."

நான் வற்புறுத்தவில்லை. எனக்கு யாரையும் அதட்டத் தெரியாது. வாயில்லாப் பூச்சி என்றுதான் வீட்டில் பெயர்.

இரவு ஒரு மணி. அது இரண்டு கட்டில் உள்ள அறை. பக்கத்துக் கட்டில் காலி. அப்பாவின் விரலில் மாட்டியிருந்த கருவி ஆக்சிஜன் அளவை 89 என்று காட்டியது. சிஸ்டர் வந்து பார்த்தார்.

"எழுப்பிச் செய்ய வைங்க. இன்னும் ரெண்டு மூணு இறங்கினா டாக்டரக் கூப்பிடணும்."

கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினேன். தையல் வலிக்காமலிருக்க வயிற்றோடு ஒரு தலையணையை அணைத்துக்கொள்ளச் சொன்னேன். அப்பா அரைத் தூக்கத்தில் இருந்தார். குழாயை வாயில் வைத்தேன்.

"இழுங்கப்பா."

ஒரு பந்து விரற்கடை எழும்பி விழுந்தது. டக்.

"அப்பா... இழுங்க."

மறுபடி அதே டக். இப்படியே ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிற்று. அளவு 88 ஆனது.

இரண்டு இருபதுக்கு மூன்று பந்துகளும் எழும்பின.

மெதுவாக, ஒன்றன்பின் ஒன்றாக. உச்சியில் போய் நின்றன. எனக்கு அழுகை வந்துவிட்டது. 89... 90... 91.

அப்போதுதான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். உறிஞ்சினால் கன்னம் குழிய வேண்டும்.

அப்பாவின் கன்னங்கள் உப்பியிருந்தன.

டக். டக். டக். பந்துகள் விழுந்தன. அப்பா மூச்சை வெளியே விட்டார். உடனே மூன்றும் மறுபடி எழும்பின. கன்னங்கள் மறுபடி உப்பின. நெஞ்சு விரிந்தது. அவர் கண்கள் இப்போது திறந்திருந்தன. என்னையே பார்த்தன.

குனிந்து, கருவியின் அடியிலுள்ள துளையருகே கையை வைத்தேன்.

வெளிக்காற்று உள்ளே போகும் இடம் அது. ஜில்லென்றிருக்க வேண்டும்.

புறங்கையில் சூடாகப் பட்டது.

ஈரமாக.

ஸ்ஸ்ஸ்ஸ்...

ஒரு மூச்சு. காலிக் கட்டில் இருந்த பக்கத்திலிருந்து. யாரோ என் கைக்கு மிக அருகில் வாயை வைத்து ஊதினால் எப்படியிருக்குமோ, அப்படி.

கையை எடுத்துவிட்டேன். குழாயையும் பிடுங்கியிருக்கலாம். ஒரு இழுப்புதான்.

93.

காலையில் எக்ஸ்ரே. வென்டிலேட்டர். அப்பா.

"இன்னும்..." என்றேன்.

ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்...

முன்பைவிட பலமாக.

94.

"இன்னும்."

95.

கண்ணை மூடிக்கொண்டேன். ஐந்து மணிக்கு சிஸ்டர் வந்து குழாயை எடுக்கும்வரை அந்தக் கருவியை இரண்டு கைகளாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"அட, ராத்திரி பூரா செஞ்சீங்களா?" என்றார் சிஸ்டர்.

அவர் போனதும் அப்பா மெல்லச் சொன்னார். "நான் இழுக்கலம்மா. அதுவா வந்துச்சு."



எக்ஸ்ரேயில் இடது நுரையீரல் அடிவரை விரிந்திருந்தது. டாக்டர் படத்தை இரண்டு முறை தூக்கிப் பார்த்தார். வென்டிலேட்டர் பேச்சு அதோடு போயிற்று.

பத்து நாள் கழித்துத் தையல் பிரிக்கப் போனோம். வராந்தாவில் பிசியோ அண்ணன் நின்றிருந்தார். கேட்கலாமா வேண்டாமா என்று வெகுநேரம் தயங்கிவிட்டுக் கேட்டேன்.

"எங்களுக்கு முன்னாடி அந்த ரூம்ல யாருண்ணா இருந்தாங்க?"

"உங்கப்பா பக்கத்துக் கட்டில்லயா? ஒரு லாரி டிரைவர்." அவர் குரலைத் தாழ்த்தினார். "அவரு இருந்த வாரம் நான் லீவு. சொல்லிக்குடுக்க ஆளில்ல. உறிஞ்சறதுக்குப் பதிலா ஊதிக்கிட்டே இருந்திருக்காரு மனுஷன். ஊதினா பந்து எப்படி எழும்பும்? அவரு பொண்ணுக்கும் தெரியல. பக்கத்துல உக்காந்துகிட்டு, இன்னும்பா, இன்னும்னு சொல்லிட்டே இருந்துச்சாம்."

"அப்புறம்?"

"புள்ள சொல்லுதேன்னு அவரு நிறுத்தவே இல்ல. கடைசி வரைக்கும் ஊதிக்கிட்டேதான் இருந்தாரு."

தையல் பிரித்து முடித்ததும் அப்பாவைக் கைப்பிடித்து வீட்டுக்கு அழைத்து வந்தேன். நன்றாக நடந்தார்.

ஆஸ்பத்திரியில் அந்த இரவு நான் இரண்டு முறை 'இன்னும்' என்று சொன்னேன்.

ஊதியவரிடம் 'போதும்' என்று இன்றுவரை ஒரு முறைகூடச் சொல்லவில்லை.