ஸ்வரக் குறிப்புகளை அழித்த வகை

எந்தக் கோப்பையும் அழிக்கும் முன் அதற்கு உரியவரிடம் எழுத்துமூலமாக ஒப்புதல் பெற வேண்டும். பதிவறையில் முப்பது வருடம் இந்த விதியைச் சொல்லிப் பிறரை மிரட்டியவன் நான். ஓய்வுபெற்ற பிறகு மந்தைவெளி வீட்டுக் கணிப்பொறியில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை நிறுவ உட்கார்ந்தேன். ஹார்ட் டிஸ்க்கின் இரண்டாம் பாகத்தை நீக்கலாமா என்று திரை கேட்டது. நீக்கலாம் என்று தட்டிவிட்டேன்.

பாட்டு டீச்சரான என் மனைவி நான்கு வருடமாகத் தட்டச்சு செய்த ஸ்வரக் குறிப்புகள் அந்தப் பாகத்தில்தான் இருந்தன. நகல் கிடையாது. மார்கழிக் கச்சேரிக்கு முன் அவளுடைய மாணவிகள் தங்கள் வீட்டிலிருந்தே தொலைபேசி வழியாக எங்கள் கணிப்பொறிக்குள் வந்து அவற்றைப் படிக்கட்டும் என்றுதான் இத்தனை ஏற்பாடும்.

"ஏன்னா, என் பாட்டெல்லாம் எங்க?"

"உள்ளதான் இருக்கும். கண்ணுக்குத் தெரியலை."

"ஆபீஸ்லயும் இப்படித்தான் சொல்லிண்டிருந்தேளா?"

லினக்ஸ்காரர்களுக்கு மின்னஞ்சல் குழு ஒன்று உண்டு என்று சிடியோடு வந்த புத்தகம் சொன்னது. மேற்கு மாம்பலத்தில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போய், பொருள், பார்வை எல்லாம் போட்டு எழுதினேன். கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், கலெக்டருக்கு மனுவா? குரூப்புக்கு அனுப்பு, யார்னா பதில் போடுவாங்க."

யாராவது என்றொரு பதவி எந்த அலுவலகத்திலும் இல்லை. மேலே ஒருவர் இருக்கும்போது எழுத்தருக்கு யார் மனு போடுவார்கள்? குழுவை நடத்துபவரின் முகவரிக்கே அனுப்பினேன். பதினைந்து நாள் கழித்து நினைவூட்டல். மேலும் பதினைந்து நாளில் இரண்டாவது. ஒவ்வொரு முறையும் மழையில் நனைந்து போய்ப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

வீட்டில் அவள் நீளநோட்டில் நினைவிலிருந்து எழுத ஆரம்பித்திருந்தாள். பல்லவி வந்தது, சரணத்தில் பேனா நின்றது. நான் அந்தப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

இரண்டு நினைவூட்டலுக்கும் பதில் இல்லையென்றால் கோப்பை முடித்துவிடலாம் என்பது வழக்கம். முடித்தேன். டிஸ்க் முழுவதையும் துடைத்து பாதியில் விட்டிருந்த லினக்ஸை நிறுவினேன். அருமையாக ஓடியது. தொலைபேசிக் கம்பியில் மாட்டியிருந்த மோடம்கூடக் கூப்பிட்டவுடன் எடுத்தது. உள்ளே வந்து படிக்கத்தான் எதுவும் இல்லை.

அடுத்த முறை பிரவுசிங் சென்டருக்குப் போனபோது பதில் காத்திருந்தது. குழுவை நடத்துபவர் விடுமுறையில் இருந்தாராம். பாகத்தை நீக்கினால் அதன் எல்லைக்கோடு மட்டுமே போகும், உள்ளே இருப்பது அப்படியே இருக்கும், மீட்டுவிடலாம், அதுவரை அந்த டிஸ்க்கில் எதையும் எழுதிவிடாதீர்கள் என்று பொறுமையாக விளக்கியிருந்தார். நான் துடைத்தது நவம்பர் பதினொன்று. அவர் பதில் வந்தது நவம்பர் பன்னிரண்டு.