போர்வெல்லை நிறுத்திய ஷூட்டிங்

போன வாரம் புதுச்சேரி தட்டாஞ்சாவடியில் ஒரு போர்வெல் வண்டி முன்னால் நின்று, இரண்டு கையையும் ஆட்டி, தொண்டை கிழியக் கத்தினேன். பார்த்தவர்கள் பைத்தியம் என்றே நினைத்திருப்பார்கள்.

காரணம், என் தங்கை வசந்தி. பிள்ளைகள் காலேஜுக்குப் போனதும் டீச்சர் வேலையை விட்டுவிட்டு பிஎச்.டி சேர்ந்தவள். "பேரன் பேத்தி எடுக்குற வயசுல இன்னா படிப்பு?" என்று கேட்காத சொந்தக்காரர் எங்கள் உப்பளம் ஏரியாவில் பாக்கியில்லை.

அவள் ஆராய்ச்சி மீன் வலையைப் பற்றி. கடலில் கிடக்கிற வலையில் பாசி பிடிக்கும் இல்லையா? வலையின் இழை மேல் துத்தநாக ஆக்ஸைடைக் குட்டிக் குட்டிக் குச்சிகளாக வளர்த்துவிட்டால் பாசி ஒட்டாது என்கிறாள். குட்டி என்றால்... தலைமுடியின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நானோ குச்சிகள்! சாதாரண மைக்ரோஸ்கோப்பில் தெரியாது. எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப் வேண்டும்.

தேங்காய்த்திட்டு ஹார்பரில் மழைக்காலம் முழுக்கத் தண்ணீரில் கிடந்த இழை. குச்சிகள் நிற்கின்றனவா, உப்புத் தண்ணீர் தின்றுவிட்டதா? அது தெரிந்தால்தான் தீசிஸ். அந்த மெஷினில் ஒரு ஸ்லாட் வாங்க மாதக்கணக்கில் காத்திருந்தாள். திருப்பதி தரிசனமே தேவலை!

துணைக்கு நானும் தட்டாஞ்சாவடியில் இருக்கிற அந்த லேபுக்குப் போனேன். இழையைக் காயவைத்து, மேலே மெல்லிசாகத் தங்கம் பூசி — ஆமாம், தங்கம்தான், அப்போதுதான் படம் தெளிவாக வருமாம் — காற்றை உறிஞ்சிய பெட்டிக்குள் வைத்தார் ஆபரேட்டர். ஸ்கிரீனில் எல்லாம் வளைந்து நெளிந்து, வெந்த சேமியா மாதிரி தெரிந்தது.

"வளைஞ்சிடுச்சா சார்?" வசந்தி ஸ்கிரீன் பக்கம் குனிந்தாள்.

"இல்ல மேடம், பில்டிங் அதிருது. பக்கத்து மனையில போர் போடுறாங்க. இவ்ளோ ஜூம்ல லேசா ஆடினாலும் இப்படித்தான். வேற ஸ்லாட் வாங்கிக்கங்க."

வேற ஸ்லாட்டா? தீசிஸ் கொடுக்க வேண்டியது இந்த மாதக் கடைசியில்! வசந்தி துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் வெளியே ஓடினேன்.

"கொஞ்ச நேரம் நிறுத்துங்கப்பா! ஒரு படம் எடுக்கணும்!"

"ஷூட்டிங்கா?" போர் போடுகிறவர் முகம் மலர்ந்தது. "ஹீரோ யாருக்கா?"

புதுச்சேரியில் படம் என்றால் வேறென்ன நினைப்பார்கள்? எலெக்ட்ரான், நானோ என்று ஆரம்பிக்க வாயெடுத்தேன். அதற்குள் அவர், "சீக்கிரம் முடிச்சிக்கங்க. நாங்க டீ குடிச்சிட்டு வந்துடறோம்" என்றார். நான் மறுப்பேனா?

இன்ஜின் நின்றது. திரும்பி ஓடினேன். ஸ்கிரீனில் குச்சிகள் நட்ட நாற்று மாதிரி நெருக்கமாக, நேராக நின்றன. அங்கங்கே கொஞ்சம் மொட்டை. பரவாயில்லை.

"நிக்குதுக்கா..." வசந்தி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "நிக்குது!"

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. கண்ணுக்கே தெரியாததைப் பார்க்கிற மெஷினை வாங்கத் தெரிந்தவர்களுக்கு, பக்கத்து மனைக்காரரிடம் "இன்னிக்கு மட்டும் வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதா?

மறுநாள் வசந்தியின் கைடு படங்களைப் பார்த்தார். "அருமை! தீசிஸுக்கு இது போதும். ஜர்னலுக்கு அனுப்பறதுக்கு மட்டும், சென்னையில இதைவிடப் பவர்ஃபுல் மெஷின் இருக்கு, அதுலயும் ஒரு தடவை எடுத்துடுங்க."

சென்னையா? அங்கே ஊரையே மெட்ரோவுக்குத் தோண்டிக்கொண்டிருக்கிறார்களே, சார்!