அம்மா வெட்டிய தோட்டாக்கள்

என் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாமார் சிலர் யோகாவுக்குப் போனார்கள், சிலர் பியானோ வாசித்தார்கள். என் அம்மா துவக்குச் சுட்டார். இதை நான் லொங்குய்ய் பள்ளிக்கூடத்தில் ஒருவரையும் விடாமல் சொல்லி வைத்திருந்தேன். ஆசிரியை ஒருமுறை அம்மாவைக் கூப்பிட்டு விசாரித்தார். உரிமப் பத்திரம், பூட்டுப் போட்ட பெட்டி எல்லாம் பற்றி அம்மா விளக்கிய பிறகு, பிள்ளை கொஞ்சம் அடக்கி வாசித்தால் நல்லது என்று கேட்டுக்கொண்டாராம். நான் அடக்கி வாசிக்கவில்லை.

அம்மா பக்கத்து ஊரான புரோசார்டில் ஒரு பெரிய பேக்கரியில் மாவும் ஈஸ்ட்டும் நிறுத்துக் கொடுக்கும் வேலை செய்தார். கூட வேலை செய்த பிரெஞ்சுக்காரி ஒருத்திதான் அவரை ஊருக்கு வெளியே இருந்த சுடும் கழகத்துக்கு முதலில் கூட்டிப்போனது. அங்கே ஒரு யந்திரம் களிமண் தட்டை ஆகாயத்தில் வீசும், அதைச் சுட்டு உடைக்க வேண்டும். வேடிக்கை பார்க்கப் போன அம்மா, இரண்டாவது தட்டை உடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். அதற்குப் பிறகு அவரை யாராலும் பிடிக்க முடியவில்லை.

சுடுவதோடு நின்றாரா என்றால் இல்லை. கடைத் தோட்டா எப்படி அடைத்திருக்கிறது என்று தனக்குத் தெரியவேண்டும் என்றார். சுட்டு முடித்த வெறும் கோதுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து, வீட்டிலேயே திரும்ப நிரப்பத் தொடங்கினார். பேஸ்மென்டில் பழைய சாப்பாட்டு மேசையில் ஒரு கைப்பிடி யந்திரம் ஏறியது. எரிந்துபோன அடிமூடியைத் தட்டிக் கழற்றிப் புதிது வைக்கவேண்டும். பிறகு வெடிமருந்து, அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் கிண்ணம், கிண்ணத்துக்குள் சன்னம் என்கிற பொடி ஈயக் குண்டுகள். கடைசியில் கோதின் வாயை மடித்து மூடவேண்டும். அந்த மடிப்புத்தான் அம்மாவைப் பாடாய்ப் படுத்தியது. முதல் வாரம் மூடியவையெல்லாம் வாய் திறந்து சன்னத்தைத் தரை முழுக்கக் கொட்டின. அம்மா விடவில்லை. மோதகத்துக்கு மடிப்பு எடுக்கத் தெரிந்த கைக்கு இது வராதா என்று மல்லுக்கட்டி, ஒருநாள் அழகாக மூடிய தோட்டாவை மேலே கொண்டுவந்து அப்பாவின் கோப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். அப்பா கோப்பியை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

அம்மாவுக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது. யந்திரத்தின் முன் இருக்கும்போது யாரும் கதைக்கக் கூடாது. மருந்து போட்டாயிற்றா இல்லையா என்பதில் கவனம் தப்பினால், ஒரு கோதுக்குள் இரண்டு தரம் விழுந்துவிடும். அது துவக்கையும் உடைக்கும், பிடித்திருப்பவரையும் உடைக்கும். ஆகவே தொலைபேசி மேலே இருக்கும், நான் படியில் வாயை மூடிக்கொண்டு இருப்பேன்.

கழகத்தில் பருவம் முடிகிற போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்று தன் கையால் நிரப்பிய தோட்டாக்களால்தான் சுடப்போவதாக அம்மா அங்கே எல்லோருக்கும் சொல்லிவிட்டார். நானும் வகுப்புக்குச் சொல்லிவிட்டேன். எங்கள் மானம் முழுவதும் அம்மா நிரப்பி அடுக்கும் அந்த ஒரு தட்டுத் தோட்டாவில் இருந்தது.

போட்டிக்கு முதல்நாள் பின்னேரம், தோட்டாத் தட்டு அரைவாசி நிரம்பியிருந்தபோது மணி அடித்தது. பெரிய மாமா, அம்மாவின் அண்ணை, மகனின் கலியாணக் கார்டோடு வாசலில் நின்றார். சொல்லிக்கொண்டு வருகிற வழக்கம் எங்களில் யாருக்கு இருக்கிறது? அதுவும் கூடப்பிறந்தவன் கொண்டுவரும் முதல் கார்டு. அம்மா கை கழுவி, சாமி விளக்கை ஏற்றி, இரண்டு கையாலும் வாங்கினார். தேத்தண்ணி கொடுத்தார். கொஞ்ச வேலை கிடக்குது என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினால், மாமாவும் கோப்பையோடு பின்னால் இறங்கினார்.

"என்ன தங்கச்சி, கலியாணத்துக்கு வெடி போடப் பழகுறியோ?"

அம்மா சிரித்துக்கொண்டே கைப்பிடியைப் பிடித்தார். மாமா மண்டபம் பற்றிக் கதைத்தார், சமையல்காரர் பற்றிக் கதைத்தார், சம்பந்தி வீட்டாரைப் பற்றி நிறையக் கதைத்தார். அண்ணையிடம் வாயை மூடுங்கோ என்று எந்தத் தங்கச்சி சொல்லுவாள்? அம்மா ஓம், ஓம் என்றபடி நிரப்பிக்கொண்டே போனார். தட்டு நிரம்பிய பிறகுதான் அவர் கை நின்றது.

"நீங்கள் கதைக்கேக்க நான் ஓம் எண்டனே, அப்ப மருந்து போட்டனானோ?" என்று கேட்டார்.

மாமாவுக்கு என்ன தெரியும். தராசும் உதவாது. சன்னத்தின் பாரத்தில் மருந்தின் பாரம் மறைந்துவிடும். புதிதாக நிரப்பியவை எவை என்பதும் தட்டில் கலந்துவிட்டது. அம்மா கத்தியை எடுத்து முதல் தோட்டாவின் கழுத்தை வெட்டினார்.

"ஒண்டில பிழை இருந்தாலும் இருக்கும். அதுக்காக எல்லாத்தையும் வெட்டுறதே?" என்றார் மாமா.

"எதில எண்டு தெரியாட்டி எல்லாத்திலயும்தான் அண்ணை."

நான் அழுதேன். திங்கட்கிழமை வகுப்பில் என்ன சொல்வது என்று கேட்டு அழுதேன். அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்பா துறைமுகத்தில் லொறி ஓட்டி முடித்து வந்து, படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். அந்த யந்திரம் வந்த நாளிலிருந்து அவர் பேஸ்மென்டுக்கு இறங்கியதே இல்லை. அன்று இறங்கினார். "தா, நானும் வெட்டுறன்" என்று இன்னொரு கத்தியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார். ஒவ்வொன்றின் மருந்தையும் அம்மா தனித்தனியே நிறுத்தார்.

ஒன்றிலும் பிழை இல்லை. நான் சொன்னேனே என்று மாமா சொன்னார். நானும் மனதுக்குள் அதையே சொன்னேன். அம்மாவின் முகத்திலோ, பிழை இருந்து கண்டுபிடித்தவரின் சந்தோசம். அப்பா அவருடைய தலையில் ஒருதரம் கை வைத்துவிட்டு மேலே போனார். இவர்கள் இருவரும் ஊர்ச் சண்டையில், வெடிக்கிற சாமான்களுக்கு நடுவில் வளர்ந்தவர்கள் என்பது எனக்குத் தெரியும். அந்தச் சாமான்களை அனுப்பிய எவரும் இப்படி ஒரு பின்னேரம் உட்கார்ந்து சந்தேகப்பட்டதில்லை என்பது அப்போது தெரியாது. இன்றைக்கு அதை நினைத்தால், அம்மா உடைத்த எந்தத் தட்டும் எனக்கு அவ்வளவு பெருமையாக இல்லை.

ஞாயிறு காலை பனி விழப்பார்க்கும் குளிர். அம்மா அந்தப் பேக்கரிச் சிநேகிதியிடம் கடைத் தோட்டா வாங்கிக்கொண்டு நின்றார். கழகத்துக்குப் பொறுப்பான கிழவர், கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து, உன் தோட்டா எங்கே என்று எல்லோருக்கும் கேட்கக் கேட்டார். ஏதாவது சாட்டுச் சொல்லித் தப்பலாம் என்று நான் அம்மாவின் கையைக் கிள்ளினேன். அம்மா தன் பேக்கரி பிரெஞ்சில் நடந்ததை நடந்தபடி சொன்னார். அண்ணன் வந்தார், தேநீர் கொடுத்தேன், கதைத்தேன், சந்தேகம் வந்தது, எல்லாவற்றையும் வெட்டிவிட்டேன். சுற்றி நின்றவர்கள் எங்கள் பக்கம் திரும்பினார்கள். எனக்கு மானம் போயிற்று.

கிழவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தபடி நின்றார். இந்தக் குளிரில் இந்த மனிதருக்கு மட்டும் தொப்பியைக் கழற்றுமளவுக்கு எப்படி வேர்க்கிறது என்று நான் யோசித்தேன்.