சுத்தத் தப்புங்க

என் ஆராய்ச்சி எதைப் பற்றி என்று யாராவது கேட்டால் எனக்கே முதலில் சிரிப்பு வந்துவிடும். எங்கள் பொருளாதாரத் துறையில் ஈரோட்டுக்காரி ஒருத்தி மஞ்சள் சந்தையை ஆராய்ந்தாள். போத்தனூரிலிருந்து வருகிறவர் விசைத்தறியை. இன்னொருவர் தென்னை நாரை. நான் மட்டும், நூறு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் பொருளாதாரம் படித்த முதுநிலை மாணவர்கள் ஒரு நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்து என்ன பேசிக்கொண்டார்கள் என்று ஆராய்ந்துகொண்டிருந்தேன். அதுவும் துடியலூரில், எங்கள் வீட்டு மொட்டை மாடியில், காயப்போட்ட துணிகளுக்கு நடுவே மடிக்கணினியை வைத்துக்கொண்டு.

என் வீட்டுக்காரர் பம்பு மோட்டார் பட்டறை வைத்திருக்கிறார். துணி எடுக்க மாடிக்கு வந்தவர் ஒருநாள் கேட்டார்.

"அவிக பேசி முடிச்சு, போயும் சேந்துட்டாங்க. இன்னும் அதுல என்ன அம்மணி பாக்கி இருக்குது?"

என்ன இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தால் எனக்கு மூச்சு வாங்கும். அந்த அறையில் பாடம் நடத்துவது என்பதே கிடையாது. ஒரு மாணவர் தான் எழுதியதை வாசிப்பார். மற்றவர்கள் அதன் மேல் பாய்வார்கள். பேராசிரியர் ஓரமாகப் புகைக்குழாயோடு உட்கார்ந்திருப்பார். ஒரு பொருளால் மனிதனுக்குக் கிடைக்கும் திருப்தியை அளக்க முடியுமா, முடியாதா? முடியாது என்றால் விலைக்கு என்ன விளக்கம் சொல்வது? இதை வைத்துக்கொண்டு மதியம் முழுக்கச் சண்டை. அறை பூட்டப்பட்ட பிறகு பனி கொட்டும் தெருவில் நின்றும் சண்டை. பிற்காலத்தில் அவர்கள் எழுதி வைத்த நினைவுகளைப் படிக்கப் படிக்க எனக்குப் பொறாமை பொங்கியது. என் படிப்புக் காலம் முழுக்க நான் வகுப்பில் பேசியது 'உள்ளேன் மேடம்' என்பதற்கு மேல் அதிகம் போயிருக்காது.

அந்த அறையைப் பற்றி எழுதிய அத்தியாயத்தை என் ஆராய்ச்சி நெறியாளரிடம் கொடுத்தேன். ஓய்வு பெறும் வயதை நெருங்கிய பேராசிரியை அவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இத்தன ஆசையா எழுதியிருக்கியே கண்ணு, நம்மளும் ஒண்ணு நடத்திப் பாத்தா என்ன?"

அடுத்த புதன்கிழமையே நடத்தினோம். ஆராய்ச்சி மாணவர்கள் நான்கு பேரும் மேசைகளை இழுத்து ஒட்டவைத்து ஒரே நீள மேசையாக்கினோம். ஈரோட்டுக்காரி மஞ்சள் ஏலத்தைப் பற்றி எழுதியதை வாசித்தாள். வாசித்து முடித்ததும் நெறியாளர் கையை விரித்தார். "ம், ஆரம்பிங்க."

விசைத்தறிக்காரர் தொண்டையைச் செருமினார். "ரொம்ப நல்லா இருந்துச்சுங்க."

"ஆமாங்க, நல்லாத்தான் இருந்துச்சுங்க" என்றார் தென்னை நார்க்காரர்.

அமெரிக்கர்களின் அஞ்சாமையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருந்த நான் சொன்னேன்: "எனக்கும் பிடிச்சிருந்துதுங்க."

"நன்றிங்க" என்றாள் அவள்.

அவ்வளவுதான். யாரோ கொண்டுவந்திருந்த முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தோம். நெறியாளர் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அவனுக பொழுது போறது தெரியாம அடிச்சுக்கிட்டானுக. நம்ம அஞ்சு நிமிஷத்துல முறுக்குக்கு வந்துட்டோம்!"

உடனே சட்டம் போட்டார். அடுத்த வாரம் நான் வாசிக்க வேண்டும். 'நல்லா இருந்துச்சு' என்று யாரும் சொல்லக் கூடாது. எதிர்த்துப் பேசுவதற்கென்றே ஒருவரை முன்கூட்டி நியமித்துவிட வேண்டும். நியமித்தது விசைத்தறிக்காரரை.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே பகுதி நேரமாக ஆராய்ச்சி செய்தவர். தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் ஒருவர் வருவது தெரிந்தால் போதும், இந்தக் கோடியில் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பார். ஒருமுறை நாற்காலியில் இடித்துக்கொண்டு அந்த நாற்காலியிடமே மன்னிப்புக் கேட்டதை நான் காதால் கேட்டிருக்கிறேன்.

மறுநாளே என்னைத் தேடி வந்தார். "ஏனுங்க, உங்கள எதுத்துப் பேசோணும்ங்கறாங்க. கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"மாட்டேனுங்க."

"கொஞ்சமாத்தான் பேசுவேனுங்க."

"நெறயவே பேசுங்க!"

புதன்கிழமை வந்தது. நான் வாசித்தேன். அந்த அறையில் எல்லோரும் சமம், புதிதாக வந்த மாணவர்கூட அஞ்சாமல் பேராசிரியரை மறுத்தார், மேசையும் விதிகளும்தான் அந்தத் துணிச்சலைக் கொடுத்தன. இதுதான் என் வாதம். எனக்கே மிகவும் பிடித்த கடைசி வரியைக் கொஞ்சம் நிறுத்தி, ராகமாகவே வாசித்து முடித்தேன்.

அவர் எழுந்தார். உட்கார்ந்தே பேசலாம் என்று நெறியாளர் சொன்னதும் உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். "தப்பா நெனச்சுக்காதீங்க. ரொம்ப ஒழச்சு எழுதியிருக்கீங்க. எனக்கு இதுல அத்தன ஞானமும் கெடையாதுங்க..."

நெறியாளர் மேசையைத் தட்டினார்.

அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். தோட்டத்துக் கிணற்றில் முதல் தடவை குதிக்கிறவர் மாதிரி ஒரே மூச்சில் சொன்னார்:

"நீங்க சொல்றது சுத்தத் தப்புங்க!"

ஈரோட்டுக்காரி கை தட்டிச் சிரித்தாள். எனக்குக் காது சுட்டது. கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. அதற்குப் பதிலாக ஊஞ்சலில் ஏறி உட்கார்ந்தது போல ஒரு கூச்சம். இத்தனை வருஷத்தில் எனக்கு மதிப்பெண் போட்டிருக்கிறார்கள், குறைத்திருக்கிறார்கள். நான் எழுதியதைக் கவனமாகப் படித்து, நேரே முகத்தைப் பார்த்து, தப்பு என்று ஒருவரும் சொன்னதில்லை. அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கண்ணை மூடியிருந்தார், அது வேறு விஷயம்.

"எப்படித் தப்புங்க?" என்றேன்.

கண்ணைத் திறந்தார். "நீங்க ஆதாரமாக் காட்டுறது பூரா அவிக பின்னாடி எழுதுன நினைவுகதானுங்களே? அன்னிக்கு வாயத் தொறந்தவிகதான் பின்னாடி பேராசிரியர் ஆயிருக்காங்க, எழுதியிருக்காங்க. தொறக்காதவிக? அதே மேசையில ஒருத்தர் வருஷம் பூரா பேசாமயே உக்காந்துட்டு, அப்படியே ஊருக்குப் போயிருந்தா, அவர நீங்க எங்கீங்க தேடுவீங்க?"

எனக்குச் சுரீர் என்றது. விடவில்லை. "பேசாதவங்க இருந்தாங்கன்னு உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

"நான் இருக்கறனே! இப்ப இந்த ரூம்பப் பத்தி நீங்க எழுதுனா, மேசைய இழுத்துப் போட்டோம், எல்லாரும் பேசுனாங்கன்னுதான் எழுதுவீங்க. எனக்கு நேத்து ராத்திரி சோறு எறங்கலைங்கறத எழுதுவீங்களா?"

தென்னை நார்க்காரர் என் பக்கம் வந்தார். எந்த நினைவும் அரைகுறைதான், அதற்காகத் தூக்கி எறிந்துவிட முடியுமா என்றார். ஈரோட்டுக்காரி இரண்டு பக்கத்தையும் அடித்தாள். "ஏலத்துலயும் வாய் தொறக்காம நிக்கறவிக இருக்காங்க. அவிக பயந்து நிக்கறதில்லீங்க, பாத்துட்டு நிக்கறாங்க. பேசலைன்னா பயம்னு யாரு சொன்னா?" விசைத்தறிக்காரர் மேசையில் குத்தினார். ஆமாம், அவர்தான். குத்திவிட்டு மேசையை ஒருமுறை தடவிக் கொடுத்தார். நெறியாளர் ஓரமாக இருப்பதாகத்தான் ஏற்பாடு. எப்போது நடுவுக்கு வந்தார் என்று தெரியவில்லை, சாக்பீஸோடு கரும்பலகை முன்னால் நின்று "நீங்க நாலு பேருமே தப்பு!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

கதவு தடாரென்று திறந்தது. வாட்ச்மேன். "ஏனுங்க, என்னங்க சண்ட? போலீஸக் கூப்புடட்டுங்களா?"

"சண்ட இல்லீங்கண்ணா, படிக்கறோம்" என்றேன். அவர் நம்பாமல் எங்கள் ஐந்து பேரின் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுப் போனார்.

அறையைப் பூட்ட வேண்டிய நேரம் வந்தும் எங்களால் நிறுத்த முடியவில்லை. பேசிக்கொண்டே வாசலுக்கு எதிரில் இருந்த பேக்கரிக்குப் போனோம். பனி இல்லை, நல்ல வெயில். டீ சொன்னோம், முதலில் தேங்காய் பன் வந்தது. பன்னைக் கண்டதும் பேச்சு அந்த அமெரிக்க மாணவர்களின் பழைய வழக்குக்கே தாவியது. ஒன்று தின்றால் வரும் திருப்தி அடுத்ததில் குறையுமா? அளந்து பார்த்துவிடுவோம் என்றார் நெறியாளர். தென்னை நார்க்காரர் தானாக முன்வந்தார். முதல் பன்னுக்கு ஆகா என்றார். இரண்டாவதுக்குத் தலையாட்டினார். மூன்றாவதைத் தின்னும்போது சூடாக டீ வந்துவிட, "இதுதானுங்க எல்லாத்துலயும் பிரமாதம்!" என்று அறிவித்தார். டீயோடு சேர்த்ததால் சோதனை செல்லாது என்று நான். டீ இல்லாத வாழ்க்கை எங்கே இருக்கிறது என்று ஈரோட்டுக்காரி.

என்னைக் கூட்டிப்போக வந்த என் வீட்டுக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு இதைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார். விசைத்தறிக்காரர் அவர் கையிலும் ஒரு பன்னைத் திணித்தார். "நீங்க சொல்லுங்க, ரெண்டாவது பன்னு மொதப் பன்ன விட மட்டமா?"

அவர் நிதானமாகக் கடித்து மென்றார். "பன்னு அதேதானுங்க. பசிதான் மட்டமாயிருச்சு."

மேசையில் ஓ என்று சத்தம். அவர் சொன்னது சரியா தவறா என்று அதற்கு மேல் ஒரு சுற்று நடந்தது. மேட்டுப்பாளையம் ரோட்டில் வண்டியில் வரும்போதும் அவர் விடவில்லை, தலையைத் திருப்பித் திருப்பித் தன் கட்சிக்கு நியாயம் சொன்னார். "ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்று முதுகில் தட்டிக்கொண்டு நான் மறுத்தேன். கவுண்டம்பாளையம் சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. வாதத்தில் நான் தோற்றிருந்தேன், அதில் சந்தேகமே இல்லை. தோற்றவள் இப்படிக் குதித்துக்கொண்டு வீட்டுக்குப் போவாள் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

அந்த அத்தியாயத்தைத் திரும்ப எழுத ஒரு மழைக்காலம் முழுக்க ஆயிற்று. பேசாதவர்களைத் தேடினேன். அந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர்களில் பலர் பட்டம் வாங்காமலே போயிருந்தார்கள். அவர்களைப் பற்றி ஒரு வரிக்கு மேல் எங்கும் இல்லை. 'இவர்கள் என்ன நினைத்தார்கள் என்று நமக்குத் தெரியாது' என்று எழுத முதலில் வெட்கமாக இருந்தது. எழுதிப் பார்த்தபோது அந்தப் பக்கம்தான் மற்ற எல்லாப் பக்கத்தையும் விட உறுதியாக நின்றது.

எனக்குப் பட்டம் கிடைத்துவிட்டது. நெறியாளர் ஓய்வு பெற்றுவிட்டார். புதன்கிழமைக் கூட்டம் மட்டும் நிற்கவில்லை, புதிய மாணவர்கள் சேர்ந்து மேசை இன்னும் நீண்டிருக்கிறது. போன வாரம்கூட நெறியாளர் பஸ்ஸை விட்டு இறங்கி வேகுவேகென்று வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"சொல்லுங்க, இன்னிக்கு யாரு மாட்டுனது?"