முயலின் காது எங்கே போனது

அந்தக் குழந்தைகள் காப்பகத்தில் பாத்திரம் கழுவும் பெண்ணுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் பதினோரு வருடமாக எல்லோருக்கும் அவள் மூக்கக்காதான். பால் வந்தால் மோந்து பார்ப்பாள், துடைக்கிற துணியை மோந்து பார்ப்பாள், புதுச் சோப்பையும் விடமாட்டாள்.

"எல்லாத்துலயும் மூக்கை நுழைக்கறதே உங்களுக்கு வேலையாப் போச்சு" என்று சமையல்காரர் கேலி செய்வார்.

"நுழைக்கலேன்னா போன மாசம் அந்தத் திரிஞ்ச பாலைப் பிள்ளைங்களுக்கு ஊத்தியிருப்பீங்க" என்பாள்.

தேய்ப்பதிலும் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கம்பி நாரை எடுத்தால் பாத்திரம் பளபளக்காமல் கீழே வைக்கமாட்டாள். அந்தத் தலைக்கனம்தான் அவளைக் கவிழ்த்தது.

மேலாளர் அம்மா ஆசை ஆசையாகப் புதுத் தட்டுகளும் கப்புகளும் வாங்கி வந்திருந்தார். வழவழப்பான வெள்ளை; உள்ளே நீலச் சட்டை போட்ட ஒரு முயல். பிள்ளையைக் கொண்டுவிட வந்த பெற்றோரெல்லாம் பார்த்து மயங்கினார்கள். மூன்றாவது வாரம் முயலுக்கு ஒரு காதைக் காணோம். சட்டையும் வெளுத்திருந்தது. மூக்கக்கா முதலில் சிரித்தாள்.

அன்று மதியம் சூடான தக்காளி சூப். குடித்து முடித்த மூன்று வயதுக்காரி ஒருத்தியின் வாயை வெள்ளைத் துண்டால் துடைத்துவிட்டாள். துண்டில் நீலம். அன்றைய சாப்பாட்டில் நீலமாக எதுவுமே கிடையாது. காது எங்கே போனது என்று மூக்கக்காவுக்கு இப்போது புரிந்தது. முப்பத்திரண்டு பிள்ளைகளின் வயிற்றுக்குள் போயிருக்கிறது. சுரண்டிக் கொடுத்தது அவளுடைய சொந்தக் கை.

மேலாளரிடம் ஓடினாள்.

"கம்பி நாரால தேய்ச்சா எதுதான் தாங்கும்? தப்பை நீங்க பண்ணிட்டு தட்டைக் குத்தம் சொல்றீங்களே" என்றார் அவர்.

அதில் பாதி உண்மை. அந்தப் பாதிதான் அவளைச் சுட்டது. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் விடுவதாக இல்லை. கிடங்கில் பிரிக்காமல் இருந்த பெட்டியிலிருந்து ஒரு கப்பை எடுத்தாள். நார் படாத கப்பு. கொதிக்கக் கொதிக்க எலுமிச்சைத் தண்ணீர் ஊற்றி அரைமணி நேரம் விட்டாள். புதுச் செருப்புக் கடைக்குள் நுழைந்த மாதிரி ஒரு வாடை. மெல்லிய துணியால் ஒரு துடை. நீலம்.

துணியைக் கொண்டுபோய்க் காட்டினாள். மேலாளர் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். அதுவரைக்கும் இதைப் பத்தி மூச்சு விடக்கூடாது. பிடிக்கலேன்னா சொல்லுங்க, வேற ஆள் பாத்துக்கறேன்."

மூக்கக்கா மூச்சு விடவில்லை. ஆனால் அடுத்த மூன்று நாளும் முயல் தட்டுகளும் கப்புகளும் ஏனோ காயவே இல்லை. பிள்ளைகள் ஊழியர்களின் எவர்சில்வர் டம்ளர்களில் சூப் குடித்தார்கள். வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது என்பது அவளுக்குத் தெரியும். பயமாகத்தான் இருந்தது. துண்டில் ஒட்டிய அந்த நீலம் அதைவிடப் பெரிய பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பெற்றோருக்குக் குடிக்க ஏதாவது கொடுக்கச் சொன்னார் மேலாளர். சொன்னதோடு போய்விட்டார், எதில் என்று சொல்லவில்லை. மூக்கக்கா பிரிக்காத கப்புகளை எடுத்து, மெதுவான பஞ்சால் கழுவி, சூடான எலுமிச்சைச் சாற்றைத் தேன் விட்டு ஊற்றி, அரைமணி நேரம் மூடிவைத்துக் கொண்டுவந்து நீட்டினாள். எல்லோரும் முயலைப் பார்த்துச் சிரித்தார்கள். கப்பு வாய்வரைக்கும் போனது. அங்கேயே நின்றது.

"என்ன இது, ஒரு வாடை வருது?" என்றார் ஓர் அப்பா. சாற்றைத் தட்டில் கொட்டிவிட்டுக் கைக்குட்டையால் உள்ளே துடைத்தார். கைக்குட்டையை விரித்து எல்லோருக்கும் காட்டினார்.

"புதுக் கப்புதாங்க. உங்க பிள்ளைங்க தினமும் குடிக்கறது இதுலதான்" என்றாள் மூக்கக்கா.

ஒவ்வொரு கப்பாகக் கீழே இறங்கியது. எல்லார் கண்ணும் மேலாளர் பக்கம் திரும்பியது. மானத்தைக் காப்பாற்ற அவர் தன் கப்பை மடக்கென்று குடித்திருக்கலாம். எடுத்து மோந்து பார்த்தார். கீழே வைத்தார்.

"தப்பு என்னோடது" என்றார்.

"பாதி என்னோடதுங்க மேடம்" என்றாள் அவள்.

மறுநாள் இருவரும் ஒன்றாகக் கடைக்குப் போனார்கள். மூக்கக்கா தட்டு தட்டாக மோந்து, ஈரத்துணியால் துடைத்து, விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தாள். படம் போட்டது வேண்டாம், சாயம் பூசியது வேண்டாம், அழுக்கு ஒளிந்துகொள்ள மடிப்பு இருப்பது வேண்டாம்.

"சாமான் வாங்க வந்தீங்களா, மோப்பம் பிடிக்க வந்தீங்களா?" என்றார் கடைக்காரர்.

"அவங்க பிடிச்சு முடிச்சாத்தான் நான் வாங்குவேன்" என்றார் மேலாளர்.

முப்பத்திரண்டு வெறும் எவர்சில்வர் குழித்தட்டுகள். திங்கட்கிழமை மதியம் காதைப் பொத்திக்கொள்ளும்படி ஒரே தட்டுச் சத்தம். முயல் எங்கே என்று இரண்டு பேர் அழுதார்கள், சூப்பைப் பார்த்ததும் மறந்தார்கள். அந்த மூன்று வயதுக்காரி ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, தட்டை இரண்டு கையாலும் தூக்கி முகத்தோடு சேர்த்து நக்க ஆரம்பித்தாள்.

"ஏய், தட்டை நக்கக்கூடாது கண்ணு" என்று மேலாளர் எழுந்தார்.

மூக்கக்கா அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"விடுங்க மேடம். நல்லா நக்கட்டும்."