எங்கள் பிக்கப் கறுப்புப் புகை விட்ட நாட்கள்

கரியும் டீசலும் கலந்த வாடை முதலில் வரும். அப்புறம்தான் இரும்பை இரும்பால் தட்டுகிற "டக் டக்" சத்தம். அந்த வருடம் ஆயுத பூஜை முடிந்த பிறகு எங்கள் பழைய பிக்கப் அப்படித்தான் தெருவுக்குள் வந்தது. கல்வராயன் மலையில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக் கள்ளக்குறிச்சியில் இறக்குவது அப்பாவின் பிழைப்பு. வண்டியோ சுமை இல்லாமலே மலை ஏறத் திணறியது.

"இன்ஜின் போச்சு" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அப்பா அதிகம் பேசமாட்டார். தியாகதுருகத்துத் தரகர் ஒருவரை வரச் சொல்லிவிட்டார். வண்டியை விற்றால் அப்பா லாரி ஓட்டப் போகவேண்டும். வாரக்கணக்கில் வீட்டுக்கு வரமாட்டார். அம்மாவுக்கும் எனக்கும் அதுதான் பயம். அம்மா வடக்கனந்தலுக்குச் சொல்லி அனுப்பினாள். அங்கே டிராக்டர் மெக்கானிக்காக இருந்த சித்தப்பா, தரகருக்கு முன்னால் வந்துவிட்டார்.

இன்ஜினை ஓடவிட்டு, ஸ்க்ரூ டிரைவரின் முனையை அதன்மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு டீசல் குழாய் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்த்தார். ஒரு சிலிண்டர் மட்டும் கெட்டிருந்தால், அதற்கு டீசல் நின்றதும் சத்தம் அடங்கவேண்டும். எதைத் தளர்த்தியும் அடங்கவில்லை.

"நாலு சிலிண்டருக்கும் ஒரே வியாதி, அண்ணே. நீலப் புகைன்னா ஆயிலு எரியுது. இது கறுப்பு. காத்து கம்மி."

காற்று உள்ளே போகிற குழாயின் வாயைத் தடவினார். சந்தனமும் மலைத்தூசியும் சேர்ந்து இறுகிய ஒரு துணி கையில் பட்டது.

"இன்னா அண்ணே இது?"

அப்பா நெற்றியைத் தேய்த்தார். "பூஜைக்குப் பரிவட்டம் கட்டுனேன். அந்தக் குழா வாயி பாக்க மூஞ்சி மாதிரி இருந்துச்சு. அவுக்க மறந்துட்டேன்."

"பரிவட்டத்தைத் தலையில கட்டுவாங்க" என்றாள் அம்மா. "மூக்கை அடைச்சிட்டு, மூச்சு வாங்கிக்கினு கீதுன்னு விக்கப் பாத்தீங்களே!"

சித்தப்பா தரையில் உட்கார்ந்து சிரித்தார். துணியை உருவியதும் வண்டி கடைசியாகக் குப்பென்று புகையைக் கக்கியது. தட்டுகிற சத்தம் அடங்கியது. அந்த நேரம் பார்த்துத் தரகர் வந்து, ஓடுகிற இன்ஜின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார்.

"நல்லா கீதே. ஜாஸ்தியாவே தரேங்க."

"டீ சாப்பிட்டுப் போங்க" என்றார் அப்பா. "வண்டி கிழங்கு ஏத்தப் போவுது."

இப்போது நானும் வேன் ஓட்டுகிறேன். பழுது வந்தால் ஒரு ஒயரைச் செருகி, போனில் பார்த்துச் சொல்லிவிடுகிறார்கள். சரியாகத்தான் சொல்கிறார்கள். பக்கத்தில் நின்று சிரிக்கத்தான் ஆள் இல்லை. அந்த பிக்கப் பிற்பாடு பழைய இரும்புக்குப் போனது. அதற்குள் நான் வளர்ந்து வண்டி ஓட்டப் பழகிவிட்டேன். அதுவரை அப்பா ராத்திரிச் சோற்றை வீட்டில்தான் சாப்பிட்டார்.